மரத்துக்குள் நுழைய முடியாத நொதி

கேள்வி இதுதான். கொல்லையில் வெட்டிப் போட்ட மாங்கட்டையில், மழை விட்ட மறுவாரம், சிப்பிக்காளான் போலவே ஒன்று அடுக்கடுக்காக முளைத்திருக்கிறது. கேட்டவர் வைக்கோல் பெட் போட்டு சிப்பிக்காளான் வளர்ப்பவர். "ரம்பமே திணறுகிற கட்டை. விரல் பட்டால் நசுங்கிவிடும் இந்தப் பஞ்சு அதை எப்படித் தின்கிறது? நொதி சுரக்கிறது என்கிறார்கள். சரி, அந்த நொதி மரத்துக்குள் எப்படிப் போகிறது? நானும் வைக்கோலுக்குப் பதில் மரத்தூளில் வளர்க்கலாமா?" என்கிறார்.

இதில் இரண்டாவதுதான், நொதி உள்ளே போவது எப்படி என்பதுதான், உயிரான கேள்வி. "நொதி சுரந்து மரத்தைக் கரைக்கிறது" என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் பழுதில்லாத மரத்தின் செல்சுவருக்குள் அந்த நொதியால் நுழையவே முடியாது. அங்கே அதற்கு இடமில்லை. அப்புறம் எப்படி மரம் மக்குகிறது என்பதில்தான் இந்தப் பூஞ்சையின் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வார்த்தை. கொல்லையில் முளைத்ததைப் பறித்துச் சமைத்துவிடாதீர்கள். சிப்பி வடிவம் இருப்பதாலேயே அது சிப்பிக்காளான் ஆகிவிடாது. நேரில் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்த ஒருவர் சொல்லும்வரை அது கட்டையிலேயே இருக்கட்டும்.

இனி மரத்துக்கு வருவோம். தாவரவியலில் வன்மரம் என்றால் பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரம், மென்மரம் என்றால் பைன், தேவதாரு வகை. கையால் அழுத்திப் பார்த்துச் சொல்லும் கடினத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முருங்கையும் இலவமும்கூட இந்தக் கணக்கில் வன்மரம்தான். மா, கருவேலம், தேக்கு, ஜப்பானின் ஓக் எல்லாம் அதே வகை.

வன்மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 40 முதல் 45 சதவீதம் செல்லுலோஸ். கால்பங்கு போல ஹெமிசெல்லுலோஸ். 18 முதல் 25 சதவீதம் லிக்னின். மூங்கில் தட்டி கட்டி மண் பூசிய சுவரைப் பார்த்திருப்பீர்கள். செல்லுலோஸ் அந்த மூங்கில் குச்சி. ஹெமிசெல்லுலோஸ் குச்சிகளைப் பிணைக்கும் கயிறு. லிக்னின் மேலே பூசிய மண். ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே பூச்சு மேலே மட்டும் நிற்காமல், ஒவ்வொரு குச்சிக்கும் நடுவே புகுந்து இறுகிக் கிடக்கிறது. பூஞ்சைக்கு வேண்டியது குச்சியும் கயிறும். இரண்டும் சர்க்கரையால் ஆனவை. மண் அதற்குச் சாப்பாடே இல்லை.

பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. காளான் லிக்னினைத் தின்று வளர்வதாக எழுதுகிறார்கள். லிக்னினை மட்டும் கொடுத்து இந்தப் பூஞ்சைகளை வளர்க்க முடியாது. லிக்னினை உடைப்பது அவற்றுக்குச் செலவு, வரவு இல்லை. பூட்டிய அறைக்குள் சர்க்கரை இருக்கிறது, கதவை உடைக்கத்தான் இவ்வளவு பாடு. பஞ்சு இதற்கு நல்ல சாட்சி. பருத்தி கிட்டத்தட்ட வெறும் செல்லுலோஸ், அதில் லிக்னின் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் ஈரத்தில் இற்றுப் போயின. அங்கிருந்து பிரித்தெடுத்த பூஞ்சை ஒரு டிரைக்கோடெர்மா. நம் பெட்டைக் கெடுக்கிறதே, அந்தப் பச்சைப் பூசணத்தின் சொந்தக்காரன். துணியைத் தின்பதில் கெட்டிக்காரன், ஆனால் லிக்னின் பூசிய கட்டையின் முன் அவன் கை ஓங்காது. யாராவது கதவைத் திறந்து வைத்தால் உள்ளே ஓடிவந்து சர்க்கரையை அள்ளிக்கொள்வான். பெட்டில் பச்சை படரும்போது உங்கள் காளானின் உழைப்பைத்தான் அவன் தின்கிறான்.

லிக்னினை உடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? செல்லுலோஸ் ஒரே மணியைத் திரும்பத் திரும்பக் கோத்த மாலை மாதிரி. எந்த இடத்தில் வெட்டினாலும் வெட்டு ஒன்றுதான், அதற்கு அளவெடுத்துச் செய்த நொதி போதும். லிக்னினில் அப்படி ஒழுங்கு எதுவும் இல்லை. வளைய மூலக்கூறுகள் கிடைத்த இடத்தில் கிடைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு, எல்லாப் பக்கமும் வலை விட்டு நிற்கிறது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று வேலை செய்யும் நொதிக்கு இங்கே வேலையில்லை. எந்தப் பூட்டையும் பார்க்காமல் இடிக்கிற ஆயுதம் வேண்டும்.

வன்மரத்தில் பூஞ்சைக்கு ஒரு சலுகை உண்டு. லிக்னினின் வளையங்களில் இரண்டு வகை முக்கியம். குவாயசில் வளையத்தில் மெத்தாக்சி குழு என்ற சின்ன அணுக்கொத்து ஒன்று, சிரிஞ்சில் வளையத்தில் இரண்டு. குழு இருக்கும் இடத்தில் வேறு பிணைப்பு விழாது. ஆகவே சிரிஞ்சிலுக்கு மற்ற வளையங்களைப் பிடித்துக்கொள்ளும் கை ஒன்று குறைவு, வலையும் அந்த அளவுக்கு நெகிழ்வு. மென்மர லிக்னின் பெரும்பாலும் குவாயசில், வன்மர லிக்னினில் இரண்டும் கலந்திருக்கும். உண்ணும் மரக்காளான்களில் பெரும்பாலானவை அகன்ற இலை மரங்களை விரும்புவதற்கு இது ஒரு காரணம். ஊசியிலை மரங்களின் பிசின் இன்னொரு காரணம்.

வன்மரத்துக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றுபோல இல்லை. நீரேற்றும் குழல்களின் சுவரில் குவாயசில் அதிகம், தாங்கிப் பிடிக்கும் நார்ச்செல்களில் சிரிஞ்சில் அதிகம். நன்றாக வெண்மக்கல் பிடித்த, அதாவது லிக்னின் போய் வெள்ளையாக மக்கிய மாங்கட்டை ஒன்றைக் கையால் பிளந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். சுற்றிலும் வெள்ளையாக, ஈரப் பஞ்சு போல உதிரும். அதன் நடுவே மெல்லிய குழாய்கள் மட்டும் இடியாப்பத்தை அடுக்கி வைத்த மாதிரி உருக்குலையாமல் நிற்கும். நார்ச்செல் போய்விட்டது, குழல் நிற்கிறது. வேதியியல் பாடத்தில் படிக்கிற ஒரு மெத்தாக்சி குழுவின் வித்தியாசத்தை இப்படிக் கண்ணால் பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது அந்தத் துண்டைக் கீழே வைக்க எனக்கு மனமே வரவில்லை.

சரி, உள்ளே போவது எப்படி? பூஞ்சையின் இழை ஒன்றின் தடிமன் சில மைக்ரோமீட்டர். மரத்தின் செல் நடுவில் வெற்றுக் குழாய், அதன் உள்வெளி இழையை விடப் பெரிது. இழை நீர்க்குழல்கள் வழியாகவும், குறுக்கே ஓடும் கதிர்த் திசுக்கள் வழியாகவும் ஊர்ந்து செல்லுக்குள் வந்துவிடுகிறது. கதிர்த் திசுக்களில் மரம் சேர்த்து வைத்த மாவும் சர்க்கரையும் கிடைக்கும், அது முதல் வாரங்களுக்கான கட்டுச்சோறு. ஆக, மரத்துக்குள் போவது சிக்கலே இல்லை. செல்லுக்குள் வந்தபிறகு, பக்கத்தில் இருக்கும் சுவருக்குள் நொதியைச் செலுத்துவதுதான் சிக்கல்.

நொதி ஒன்றின் குறுக்களவு 5 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பழுதில்லாத செல்சுவரின் நுண்துளைகள் ஏறக்குறைய 2 நானோமீட்டருக்குள். பூசணிக்காயைச் செம்பின் வாய்க்குள் திணிக்கிற கதை. ஆகவே நொதி வாசலிலேயே நிற்கிறது, உள்ளே சின்ன ஆட்களை அனுப்புகிறது.

அந்தச் சின்ன ஆட்களில் முக்கியமானது மாங்கனீசு. மரத்தில் அது இயல்பாகவே துளித்துளியாக இருக்கிறது. பூஞ்சை சுரக்கும் மாங்கனீசு பெராக்சிடேஸ் என்ற நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடின் உதவியோடு மாங்கனீசிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி, அதை மூன்று மின்னூட்டம் கொண்ட அயனியாக மாற்றுகிறது. அந்த அயனி எலக்ட்ரானுக்காகப் பறக்கும். தனியாக விட்டால் நிலைக்காது. பூஞ்சை சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் அதைப் பிடித்துக்கொண்டு நுண்துளைக்குள் கூட்டிப் போகிறது. உள்ளே லிக்னின் வளையம் ஒன்றிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்ததும் மாங்கனீசின் வேலை முடிந்தது. எலக்ட்ரானை இழந்த வளையம் தன் சமநிலை கெட்டு, தன் பிணைப்புகளைத் தானே அறுத்துக்கொள்கிறது. மாங்கனீசு பழைய நிலைக்குத் திரும்பி வாசலுக்கு வருகிறது, நொதி மறுபடி அதைத் தயார் செய்து அனுப்புகிறது. ஒரே ஆள் ஆயிரம் நடை போகலாம். சில வெண்மக்கல் மரங்களில் கரும்புள்ளிகள் தெரியும். அப்படிச் சேர்ந்து படிந்த மாங்கனீசு ஆக்சைடாகவும் அது இருக்கலாம்.

பெராக்சைடு எங்கிருந்து வருகிறது? இங்கே சிப்பிக்காளான் வகைகள் செய்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பூஞ்சை அனிசைல் ஆல்கஹால் என்ற சின்ன மூலக்கூறை வெளியே விடுகிறது. வெளியே காத்திருக்கும் ஒரு நொதி அதை அனிசால்டிஹைடாக மாற்றும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் பெராக்சைடாகிறது. அந்த ஆல்டிஹைடைப் பூஞ்சை உள்ளே இழுத்துத் திரும்பவும் ஆல்கஹாலாக்கி வெளியே விடுகிறது. இறைக்க இறைக்க ஊறும் கிணறு மாதிரி இந்தச் சுழற்சி ஓடுகிறது. அனிசால்டிஹைடின் வாசனை சோம்பை நினைவூட்டும். நன்றாக வெள்ளை பிடித்த பெட்டைத் திறந்தவுடன் சில சமயம் லேசான சோம்பு வாசம் அடித்து நீங்கள் கவனித்திருக்கலாம். ராஜா சிப்பி என்று விற்கிற தடித்த தண்டுக் காளானில் இந்தச் சுழற்சியை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு ஆயுதம் லாக்கேஸ். தாமிர அணுக்கள் நான்கு கொண்ட நொதி. இதை முதலில் கண்டது காளானில் இல்லை. 1883இல் யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலாளர், அரக்கு மரத்தின் பால் காற்றுப் பட்டால் ஏன் கறுத்து இறுகுகிறது என்று தேடும்போது கண்டார். லாக்கேஸின் இழுக்கும் வலு கொஞ்சம் குறைவு. லிக்னினில் திறந்து கிடக்கும் பீனால் முனைகளை மட்டும் அதனால் நேரடியாகத் தாக்க முடியும், மற்றவற்றுக்கு அதுவும் சின்ன மூலக்கூறுகளைத் தூது விட வேண்டும். வலுவான லிக்னின் பெராக்சிடேஸை 1983இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியே அறிவித்தன. ஃபனெரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற, சமையலறைக்கு வராத ஒரு வெண்மக்கல் பூஞ்சையில் கிடைத்தது அது. சிப்பிக்காளானிடம் அது இல்லை. பதிலுக்கு, மாங்கனீசையும் கையாண்டு நேரடியாகவும் எலக்ட்ரான் பறிக்கிற ஒரு பெராக்சிடேஸ் இருக்கிறது. வெவ்வேறு காளான்கள் வெவ்வேறு கலவையில் இதே வேலையைச் செய்கின்றன என்பதுதான் விஷயம், பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

மொத்தத்தில் நடப்பது எரிதல். நெருப்பு இல்லாமல், அறை வெப்பத்தில், ஈரத்துக்குள் நடக்கிற எரிதல். இந்தத் துறையினரே நொதிவழி எரிதல் என்று சொல்வதுண்டு. ஆகவே ஆக்சிஜன் இல்லாமல் நடக்காது. கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை காலங்காலமாக மக்காமல் கிடக்கிறதே, காற்று எட்டாத நீரடியில் இந்த எரிதல் பற்றாது என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

லிக்னின் தளர்ந்ததும் துளைகள் பெரிதாகின்றன. இப்போதுதான் நொதிகள் தாமே சுவருக்குள் போகின்றன. கயிறான ஹெமிசெல்லுலோஸ் சீக்கிரம் போய்விடும். வன்மரத்தில் அது பெரும்பாலும் சைலான் என்ற சர்க்கரைச் சங்கிலி, அதை அறுப்பது எளிது. செல்லுலோஸ் கூட்டாகத் தாக்கப்படுகிறது. ஒரு நொதி நடுவில் வெட்டும். இன்னொன்று வெட்டிய முனையைப் பிடித்து, நூலை விரலால் உருவுகிற மாதிரி நகர்ந்து, இரண்டிரண்டு சர்க்கரையாகக் கழற்றும். மூன்றாவது அந்த ஜோடியைக் குளுக்கோஸாகப் பிரிக்கும். இறுகிப் படிகமான இடங்களில் இவை வழுக்கிவிடும். அங்கே தாமிரம் தாங்கிய இன்னொரு நொதி போய் இழையின் முகத்தையே சிராய்த்துப் புது முனை உண்டாக்குகிறது. இந்த நொதிக்குடும்பத்தின் வேலைமுறை தெரியவந்ததே 2010க்குப் பிறகுதான். அதுவரை செல்லுலோஸ் பாடத்தில் மூன்று நொதி மட்டுமே சொல்லிக் கொடுத்தார்கள்.

சில பூஞ்சைகள் லிக்னினை மட்டும் எடுத்துவிட்டு, செல்லுலோஸை நிறைய விட்டுவைக்கும். தெற்குச் சிலியின் மழைக்காடுகளில் இப்படி மக்கிய மரத்துக்கு பாலோ போத்ரீதோ என்று பெயர், அழுகிய மரம் என்று பொருள். வெள்ளையாக, மெத்தென்று இருக்கும் அதை மாடுகள் தீவனமாகவே தின்கின்றன. லிக்னின் போய்விட்டால் மரத்துக்கும் வைக்கோலுக்கும் மாட்டின் வயிற்றில் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு சங்கடம் தழைச்சத்து. கட்டையில் கார்பனுக்கு எதிரே நைட்ரஜன் நூற்றுக்கணக்கில் ஒரு பங்குதான். நொதி செய்ய நைட்ரஜன் வேண்டும், அது இல்லாத இடத்தில் வாழ வேண்டும். பூஞ்சை தன் பழைய இழைகளைக் கரைத்து அந்த நைட்ரஜனை முனைக்கு அனுப்புகிறது. சிப்பிக்காளான் இன்னும் ஒருபடி மேலே போய் நூற்புழுக்களை வேட்டையாடுகிறது. இழையில் உள்ள நச்சுத்துளியைத் தொட்ட புழு விறைத்துப் போகும், இழை அதனுள் புகுந்து உறிஞ்சும். 1984இல் கனடாவில் இதை விவரித்தார்கள். சைவச் சமையலின் செல்லக் காளான், கட்டைக்குள் புழு பிடித்துத் தின்கிறது.

இதையெல்லாம் நொதி என்ற சொல்லே அறியாமல் பல தலைமுறையாகக் கையாண்டவர்கள், கட்டையில் ஷிடாகே என்ற உணவுக்காளானை வளர்க்கும் ஜப்பான் விவசாயிகள். காய்ந்த ஷிடாகேயில் அந்நாட்டில் முதலிடம் ஓயிதா மாகாணத்துக்கு. அங்குள்ள குனிசாகி தீபகற்பத்தில் குனுகி என்ற ஓக் மரத்தை ஏறக்குறைய 15 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டுவார்கள், அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். அந்தக் காடும் குளமும் வயலும் சேர்ந்த முறையை 2013இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது.

அவர்கள் செய்வதை மேலே சொன்னதோடு பொருத்திப் பாருங்கள். இலையுதிர் காலத்தில், இலை நிறம் மாறும்போது வெட்டுகிறார்கள். அப்போது கதிர்த் திசுவில் மாவும் சர்க்கரையும் நிறைந்திருக்கும், பட்டையும் கட்டையோடு இறுகப் பிடித்திருக்கும். பட்டை உரிந்தால் ஈரம் போய்விடும், வேற்றுப் பூசணம் ஏறிவிடும். கிளையோடு சில வாரம் காயவிடுகிறார்கள். செல்லுக்குள் நீர் நிரம்பி நின்றால் காற்று நுழையாது. வசந்தத்தில் துளையிட்டு விதை வைக்கிறார்கள். தூய வளர்ப்பிலிருந்து எடுத்த விதையை மரத்துண்டில் ஏற்றி அடிக்கும் முறை மோரி கிசாகு என்பவரால் 1940களில் வந்தது. அதற்கு முன் வெட்டுப்போட்ட கட்டையைக் காட்டில் வைத்து, காற்றில் வரும் வித்தை நம்பிக் காத்திருந்தார்கள்.

பிறகு ஒன்றரை, இரண்டு ஆண்டு நிழலில் காத்திருப்பு. அந்தக் காலம் முழுக்கப் பூஞ்சை வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தில் பூச்சை இடித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் வைரம் பாய்ந்த பகுதியைப் பெரும்பாலும் தொடாது. அங்கே குழல்கள் அடைபட்டிருக்கும், பூஞ்சைக்கு ஆகாத வேதிப்பொருள்களும் ஏறியிருக்கும். நம் தச்சர்கள் நிலைக்கும் கதவுக்கும் வைரம் பாய்ந்த கட்டையைத் தேடுவதும் இதே காரணத்தால்தான். அப்புறம் கட்டையைக் குளிர்ந்த நீரில் ஊறவைப்பார்கள், சிலர் தட்டியும் எழுப்புவார்கள். காளான் முளைக்கிறது. இழை பரவும் காலத்தில் லாக்கேஸ் உச்சத்தில் இருக்கும். முளைக்கும் நேரத்தில் அது இறங்கி, செல்லுலோஸ் அறுக்கும் நொதிகள் ஏறும். கதவை உடைத்து முடித்துவிட்டு, சமையலுக்கு அரிசி அளக்கிற நேரம் அது.

இப்போது உங்கள் மரத்தூள் கேள்வி. வளர்க்கலாம். மலேசியாவிலும் தாய்லாந்திலும் ரப்பர் மரத்தூளில்தான் சிப்பிக்காளான் பெரிய அளவில் வளர்கிறது. ஆனால் வைக்கோலில் செய்ததை அப்படியே செய்தால் ஏமாறுவீர்கள். வைக்கோலில் லிக்னின் மரத்தை விடக் குறைவு, அதனால் வேகமாக வெள்ளை பிடிக்கும். மரத்தூளில் தழைச்சத்து போதாது, அதனால் அரிசித் தவிடோ கோதுமைத் தவிடோ பத்து முதல் இருபது சதவீதம் சேர்க்க வேண்டும். தவிடு சேர்த்த பிறகு வெந்நீரில் முக்கி எடுப்பது போதாது. தவிடு பச்சைப் பூசணத்துக்கும் விருந்து. பையில் அடைத்து நீராவியில் நன்றாக அவித்தே ஆக வேண்டும். ஈரம் அறுபது சதவீதம் அளவில் நிற்கட்டும். கையில் பிடித்து இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு தெரியலாம், ஒழுகினால் காற்றுக்கு வழி போய்விட்டது என்று அர்த்தம். ரொம்ப நைசான தூள் மட்டும் போட்டாலும் அதே கதிதான், கொஞ்சம் சீவலும் கலந்துகொள்ளுங்கள்.

தூள் வாங்கும் இடத்தில் எந்த மரம் என்று கேளுங்கள். மா, ரப்பர் நல்லது. தேக்கின் வைரத்தூள் வேண்டாம், கரையானையும் பூஞ்சையையும் விரட்டும் பொருள்கள் அதில் உண்டு. பிளைவுட் அறுத்த தூளும் மருந்து அடித்த மரத்தின் தூளும் கூடவே கூடாது. பூஞ்சைக்கு ஆகாது என்பதைவிட, நாளைக்கு அதைச் சாப்பிடப் போவது நாம்.

முதலில் பத்துப் பை போட்டுப் பாருங்கள், வைக்கோல் பெட்டை நிறுத்தாமல். பை முழுக்க வெள்ளை ஏறியதும் அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். வெளியே வெள்ளை தெரிவது இழை பரவியதற்குத்தான் அடையாளம், உள்ளே சுவர் இன்னும் போதிய அளவு இடிபட்டிருக்காது. ஒரு பையைச் சோதனைக்கென்று வைத்துக்கொண்டு, சில நாளுக்கு ஒருமுறை ஒரு சீவலை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். முதலில் நகம் வழுக்கும். ஒரு நாள் அது அழுந்தி உள்ளே போகும், சீவலின் நிறமும் வெளிறியிருக்கும். மற்ற பைகளை அன்றைக்குத் திறங்கள்.